தட்டு பிடித்தவன் தப்பிக்கிறான்!

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை. பெயர் வேண்டாம். ஒரு கடையின் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாம் யோக்கியர்கள் ஆகிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். நண்பரின் காரில் நாலு பேர். பிரியாணி, சிக்கன், மீன் என்று சப்ளையர் ஒப்பித்துவிட்டு, கொஞ்சம் குனிந்து, குரலையும் இறக்கிக்கொண்டு சொன்னார்: “அண்ணே, காட்டு ஐட்டமும் இருக்கு. போர்டுல போட மாட்டோம். வேணும்னா சொல்லுங்க.”

நண்பரின் முகத்தில் ஒரு வெளிச்சம். “என்ன இருக்கு?”

“கௌதாரி முடிஞ்சிருச்சுண்ணே. வாத்து இருக்கு. ஏரி வாத்து. காலையிலதான் வந்துச்சு.”

நண்பர் மென்பொருள் துறையில் இருக்கிறார். வீட்டு மாடியில் குருவிக்குத் தண்ணீர் வைப்பவர். கோடை வந்தால் அந்த மண்சட்டியைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார். அவர்தான் கேட்டார்: “ஒரு ப்ளேட் எவ்வளவு?”

நான் வேண்டாம் என்றேன். சண்டை வந்தது. “நீ கோழி திங்கறியே, அது உயிர் இல்லையா?” என்றார். இந்தக் கேள்விக்கு அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு பாவமன்னிப்பு. பல வருஷம் முன்னால், இதே சாலையில், இதே மாதிரி ஒரு கடையில், நானும் கௌதாரி வறுவல் சாப்பிட்டிருக்கிறேன். ‘டேஸ்ட்டே தனி’ என்று பத்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனவே இது உபதேசம் இல்லை. திருட்டுப் பொருளை வாங்கிய ஒருவன், இன்னும் வாங்கிக்கொண்டிருப்பவர்களிடம் பேசுகிற பேச்சு.

*

அந்த வாத்து எங்கிருந்து வந்தது?

‘ஏரி வாத்து’ என்றாரே, எந்த ஏரி? அந்தச் சாலையில் நின்றுகொண்டு ஏரி என்றால் இரண்டைத்தான் நினைக்கத் தோன்றும். இரண்டுமே வானூர் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன.

ஒன்று ஊசுட்டேரி. புதுச்சேரிக்கு மேற்கே பத்து கிலோமீட்டர். ஏரியின் ஒரு பாதி புதுச்சேரி, மறு பாதி விழுப்புரம் மாவட்டம். பறவைக்கு எல்லைக்கோடு தெரியாது. ஆனால் அரசாங்கத்துக்குத் தெரியும். புதுச்சேரி தன் பாதியை 2008-ல் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பாதியை, சுமார் 332 ஹெக்டேரை, அறிவிக்க 2015 ஆயிற்று. நடுவில் இருந்த வருஷங்களில் ஒரே தண்ணீரில் இந்தப் பக்கம் நீந்தினால் ஒரு சட்டம், அந்தப் பக்கம் நீந்தினால் ஒரு சட்டம்!

இன்னொன்று கழுவெளி. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் பெரிய நீர்ப்பரப்பு. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்பார்கள். உப்புக்கழி ஓடை வழியாக எடையன்திட்டு முகத்துவாரத்துக்குப் போய்க் கடலைத் தொடுகிறது. மழைக்காலத்தில் நன்னீர், போகப் போக உவர்நீர். அந்தக் கலப்புதான் மீனுக்கும் பறவைக்கும் விருந்து. 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக, இடம்பிடித்தது.

ஐப்பசி மழை பிடித்ததும் விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கருவால் மூக்கன். சில நாட்களில் பூநாரைக் கூட்டம். கூடவே உள்ளூர்க்காரர்கள்: கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி.

இந்த நீலச்சிறகியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எடை முந்நூறு, நானூறு கிராம். உங்கள் செல்போன் இரண்டை ஒன்றாகக் கட்டினால் என்ன எடையோ, அவ்வளவுதான். ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரந்து கிடக்கும் வடக்கு நிலங்களில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கியதும் கிளம்பி, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம் வானூருக்கு வருகிறது. பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. வந்து சேர்ந்த களைப்பில் கழுவெளியில் இறங்குகிறது.

அதை நாம் ‘எலும்பு ஜாஸ்தி, கறி கம்மி’ என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறோம்.

*

நோட்டம் விடுகிற கலை

வேட்டை என்பது துப்பாக்கியில் இல்லை. அதற்கு முந்தைய நோட்டத்தில் இருக்கிறது. இதை எந்த வேட்டைக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

எந்தக் கரையில் பறவை அடைகிறது, விடியற்காலை எந்தத் திசையில் மேயப் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது, எச்சம் எங்கே கிடக்கிறது, சேற்றில் கால்தடம் எப்படி, எந்த வரப்பில் கௌதாரி மண் குளிக்கிறது… இதையெல்லாம் வாரக்கணக்கில் பார்த்து மனசில் குறித்துக்கொண்ட பிறகுதான் கண்ணியோ வலையோ வெடியோ.

கௌதாரி பிடிக்கிற முறையைப் பாருங்கள். பழக்கிய ஆண் கௌதாரி ஒன்றைக் கூண்டில் வைத்து வரப்போரம் விடுகிறார்கள். அது கூவும். ‘என் எல்லைக்குள் எவன்டா அது?’ என்று அந்த இடத்துக்காரக் கௌதாரி சண்டைக்கு ஓடிவரும். சுற்றிலும் கண்ணி. முடிந்தது கதை. இப்படி இன்னொரு பறவையை இழுக்க வைக்கும் பறவைக்குத் தமிழில் ‘பார்வை’ என்றே ஒரு சொல் இருக்கிறது. எவ்வளவு பழைய வித்தை என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

ஏரியில் நோட்டத்துக்கு நல்ல காலம் மாசி, பங்குனி. தண்ணீர் வற்றும். பெரிய ஏரி சின்னச் சின்னக் குட்டைகளாகச் சுருங்கும். பறவைகளும் அந்தக் குட்டைகளில் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். திரும்பிப் போகும் பயணத்துக்காக வயிறு முட்டத் தின்று கொழுப்பு சேர்க்கும் நேரமும் அதுதான். கூட்டமாக, கொழுத்து, ஒரே இடத்தில். வேட்டைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் யோசித்துப் பாருங்கள். போன வருஷம் பிறந்த குஞ்சுகளில் பல வழியிலேயே செத்திருக்கும். புயல், பசி, நோய், கழுகு எல்லாவற்றையும் தாண்டிக் குளிர்காலத்தைப் பிழைத்து, திரும்பிப் போய் முட்டையிடத் தயாராக நிற்கும் பறவைதான் பங்குனியில் நிற்கும் பறவை. அதைச் சுடுவது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது மாதிரி.

துப்பாக்கியாவது பரவாயில்லை என்று சொல்லவைக்கும் இன்னொரு முறை உண்டு. பூச்சிமருந்து கலந்த நெல்லைத் தூவிவிட்டுக் காத்திருப்பது. சத்தம் கிடையாது, யாருக்கும் தெரியாது. பறவை மயங்கி விழும். கழுத்தை அறுத்து, இறகைப் பிய்த்து, மசாலா தடவிவிட்டால் யார் கண்டது? ‘ஆர்கானிக்’ அரிசி வாங்க ஆரோவில் பக்கம் காரில் வந்துவிட்டு, திரும்பும் வழியில் பூச்சிமருந்து வாத்து சாப்பிடும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது!

*

அமெரிக்காக்காரனும் நோட்டம் விடுகிறான்

‘அமெரிக்காவில் வேட்டையே சட்டபூர்வம் சார். நம்ம ஊர்லதான் எதுக்கெடுத்தாலும் தடை’ என்று நண்பர் அடுத்த அம்பை எடுத்தார். நல்ல அம்புதான். அதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

அங்கே வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டை ஒரு திருவிழா. வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. அங்கிருந்துதான் உலகத்துக்கே போனது. பிப்ரவரி, மார்ச்சிலேயே ஆட்கள் நோட்டம் விடக் கிளம்பிவிடுவார்கள். விடிவதற்கு முன்னால் காட்டோரம் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். சிலர் ஆந்தை மாதிரி குரல் கொடுப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு மரத்தில் அடைந்திருக்கும் ஆண் வான்கோழி தன்னை அறியாமல் பதில் குரல் கொடுத்து இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எச்சத்தின் வடிவத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்வார்கள். சீசன் திறந்ததும் பெட்டைக்கோழியின் குரலில் அழைப்பார்கள். ஜோடி தேடி ஆண் வரும்.

நம்ம ஊர் கௌதாரிக் கூண்டும் அவர்கள் வான்கோழி அழைப்பும் ஒரே வித்தையின் இரண்டு பக்கங்கள். வேட்டை மூளை உலகம் முழுக்க ஒன்றுதான். வித்தியாசம் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

முதலில் உரிமம் வாங்கவேண்டும். ஒரு சீசனுக்கு ஒருவர் எத்தனை பறவை சுடலாம் என்று கணக்கு உண்டு. வசந்தத்தில் பொதுவாக ஆண் வான்கோழிதான். பெட்டை முட்டையில் உட்காரும் காலம் அது. ஒரு ஆண் பல பெட்டைகளோடு சேரும் இனம் என்பதால், ஜோடி சேர்ந்த பிறகு சில ஆண்கள் குறைந்தாலும் இனம் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. சில மாநிலங்களில் மதியத்தோடு துப்பாக்கியை மூட்டை கட்டிவிடவேண்டும். சுட்ட பறவையைப் பதிவு செய்யவேண்டும். எண்ணிக்கை குறைந்த சில மாநிலங்களில் சீசனைத் தள்ளிவைத்தார்கள், அளவைக் குறைத்தார்கள்.

இந்த ஒழுங்கு அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்று நினைக்காதீர்கள். பட்டுத்தான் திருந்தினார்கள். பயணப்புறா என்று ஒரு பறவை, கோடிக்கணக்கில் இருந்தது. கூட்டம் பறந்தால் சூரியன் மறையும் என்பார்கள். சுட்டு, பீப்பாயில் அடைத்து, ரயிலில் ஏற்றி நகரத்துச் சந்தைக்கு அனுப்பினார்கள். 1914 செப்டம்பர் 1-ம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் ‘மார்த்தா’ என்ற கடைசிப் பறவை செத்தது. அத்தோடு இனமே முடிந்தது. காட்டு வான்கோழியும் அதே பாதையில்தான் போனது. 1930-களில் மிஞ்சியது சுமார் 2 லட்சம் என்கிறார்கள்.

பிறகு எப்படி 60 லட்சத்தைத் தாண்டியது?

பல காரணங்கள். காடு திரும்ப வளர்ந்தது. பறவைகளை வலைபோட்டுப் பிடித்து, இல்லாத இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். 1937-ல் ஒரு சட்டம் போட்டு, துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்களுக்கே செலவிடவைத்தார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காரியம் இருக்கிறது. அதை நம்ம ஊர் ‘அமெரிக்காவைப் பார்’ ஆசாமிகள் யாரும் சொல்வதில்லை.

சந்தையை உடைத்தார்கள்.

சட்டவிரோதமாகக் கொன்ற காட்டுயிரை மாநிலம் தாண்டி விற்பதை 1900-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வலசைப் பறவைகளுக்கு 1918-ல் தனிச் சட்டம். இன்றைக்கும் அங்கே வேட்டைக்காரர் தான் சுட்ட காட்டு வான்கோழியைத் தன் வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம். ஓட்டலுக்கு விற்க முடியாது. அங்கே ஓட்டலில் தட்டில் வருவது பண்ணையில் வளர்ந்த வான்கோழி. துப்பாக்கிக் கலாசாரத்தில் ஊறிய நாடே, ‘சுடு, ஆனால் விற்காதே’ என்று சொல்கிறது. ஏன்? ஒரு குடும்பம் தின்பதற்கு அளவு உண்டு. சந்தையின் வயிற்றுக்கு அளவு கிடையாது.

இப்போது திண்டிவனம் சாலைக்குத் திரும்புங்கள். நம்மிடம் இருப்பது எது? எண்ணிக்கை, உரிமம், சீசன், அளவு, பதிவு, எதுவும் கிடையாது. சந்தை மட்டும் இருக்கிறது. அமெரிக்கா எதை ஒழித்ததோ அதை மட்டும் வைத்துக்கொண்டு அமெரிக்காவை உதாரணம் காட்டுகிறோம்.

*

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம். 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் புதிய வடிவத்தில் நடைமுறையில் இருக்கிறது. இதில் ‘வேட்டை’ என்றால் சுடுவது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, கூட்டைக் கலைப்பது, முட்டையை எடுப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது… எல்லாமே வேட்டை. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

இன்னொரு பிரிவு உண்டு. அதுதான் உங்களுக்கும் எனக்கும். சட்டத்தை மீறி வேட்டையாடப்பட்ட காட்டுயிரும் அதன் இறைச்சியும் அரசாங்கத்தின் சொத்து. அனுமதி இல்லாமல் அதை வாங்குவது, வைத்திருப்பது, கைமாற்றுவது எல்லாம் குற்றம்.

ஆக, தட்டில் இருக்கிற அந்த வாத்து அரசாங்கச் சொத்து. ரயில்வே தண்டவாளத்தைக் கழற்றி விற்பவனிடம் வாங்கியவன் மாதிரிதான் நீங்களும்.

ஆனால் நடப்பது என்ன? பத்திரிகையில் வரும் படத்தை நினைத்துப் பாருங்கள். செத்த பறவைகள் வரிசையாகக் கிடக்கும். பக்கத்தில் ஒரு நாட்டுத் துப்பாக்கி. பின்னால் சட்டை இல்லாமல், தலை குனிந்தபடி இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் விறைப்பாக அதிகாரிகள். அந்தப் படத்தில் ஓட்டல் முதலாளியை நீங்கள் பார்த்ததுண்டா? கார் வைத்திருக்கிற வாடிக்கையாளரை?

துப்பாக்கி பிடித்தவன் சிக்குகிறான். தட்டு பிடித்தவன் பில் கொடுத்துவிட்டு, சோம்பு மென்றுகொண்டு கிளம்பிவிடுகிறான்.

இதில் இன்னொரு அநியாயம் இருக்கிறது. பறவை வேட்டை என்றாலே நரிக்குறவர் என்று ஒரு சமூகத்தின் மீது முத்திரை குத்திவிடுகிறோம். வலை விரிப்பவர்களிலும், விஷ நெல் தூவுபவர்களிலும், பொழுதுபோக்குக்கு ஏர் கன் தூக்கிக்கொண்டு திரிபவர்களிலும் எல்லாச் சாதியும் உண்டு. பைக்கில் வந்து சுட்டுவிட்டுப் போகிற இளைஞனைச் சந்தேகப்பட மாட்டோம். பாசிமணி விற்கிறவரைச் சந்தேகப்படுவோம். அந்த மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா பாராளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆயிற்று. அதுவரை பள்ளிக்கூடமும் நிலமும் வேலையும் எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, ‘ஏன் வேட்டையாடுகிறாய்?’ என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு காலத்தில் வேட்டைக்குப் போனவர். இப்போது பாசி, ஊசி, பலூன். “விட்டுட்டேன் சாமி. போலீசு, பாரஸ்டு, அடி, கேஸு. எங்க வீட்டுல சாப்பிட ஒரு பறவை போதும் சாமி. மூட்டை மூட்டையா கேக்கறது யாரு? நீங்கதானே!”

‘நீங்கதானே’ என்றபோது அவர் என்னைத்தான் பார்த்தார்.

*

“கோழி மட்டும் உயிர் இல்லையா?”

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். உயிர்தான். நான் சைவத்துக்கு ஆள் பிடிக்க வரவில்லை. சாப்பிடுங்கள். கோழி சாப்பிடுங்கள், ஆடு சாப்பிடுங்கள். காடை வேண்டுமா? பண்ணையில் வளர்க்கும் ஜப்பான் காடை ஊருக்கு ஊர் கிடைக்கிறது. நம்ம கால்நடைப் பல்கலைக்கழகமே நாமக்கல் காடை, நந்தனம் காடை என்று ரகம் உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. வான்கோழியும் பண்ணையில் கிடைக்கிறது.

வித்தியாசம் ரொம்ப எளிமையானது. நாமக்கல் கோழி ஒன்றைத் தின்றால், அந்த இடத்துக்கு இன்னொரு குஞ்சை வளர்க்க ஒருவர் காசு போட்டிருக்கிறார். நீலச்சிறகியைத் தின்றால் அந்த இடத்தை நிரப்ப யாரும் கிடையாது. முதலாவது வட்டியில் சாப்பிடுவது. இரண்டாவது முதலைச் சாப்பிடுவது. அதுவும் உங்கள் முதல் இல்லை. சைபீரியாக்காரனுக்கும், வானூர் விவசாயிக்கும், இன்னும் பிறக்காத உங்கள் பேத்திக்கும் சேர்ந்த பொதுச் சொத்து.

“எங்க தாத்தா காலத்துல எல்லாம் சாப்பிட்டாங்களே” என்பது அடுத்த வாதம். சாப்பிட்டார்கள். அவர்கள் காலத்தில் ஊருக்கு ஊர் ஏரி, ஏரி நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறையப் பறவை. பக்கத்து ஊருக்கே நடந்துதான் போனார்கள். நாலு பேர் காரில் நூறு கிலோமீட்டர் வந்து ‘ஐட்டம்’ கேட்கவில்லை. ஏரியை பிளாட் போட்டது, இறால் பண்ணை போட்டது, குப்பை கொட்டியது எல்லாம் நம் காலத்துக் கைங்கரியம். இடத்தைப் பாதியாக்கிவிட்டு, பசியை மட்டும் பத்து மடங்காக்கிக்கொண்டு, தாத்தாவைச் சாட்சிக்குக் கூப்பிடக்கூடாது.

“பறவை நெல்லைத் தின்னுதே, விவசாயி என்ன பண்ணுவான்?” என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. தாழைக்கோழி வயலில் இறங்கினால் நஷ்டம்தான். அதற்கு நஷ்டஈடு கேளுங்கள். நானும் கூட வருகிறேன். ஆனால் அந்த ஓட்டலில் விற்கிற வாத்தின் காசு எந்த விவசாயிக்கும் போய்ச் சேரவில்லை.

*

நம்ம ஊர்லயே பதில் இருக்கு

பக்கத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பொழுதுபோகாமல் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அவர்களின் உரிமையை எழுத்தில் கொடுத்தார். அந்த மக்கள் யாரும் பறவையியல் படிக்கவில்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் வேண்டாம் என்று தெரிந்திருந்தது. அவ்வளவுதான். துப்பாக்கி வைத்திருந்த கம்பெனி ஆட்சியிடம் ‘எங்கள் ஏரியில் சுடாதே’ என்று கேட்க அந்த விவசாயிகளுக்குத் தைரியம் இருந்தது. ‘காட்டு ஐட்டம் வேண்டாம்’ என்று ஒரு சப்ளையரிடம் சொல்ல நமக்கு என்ன கேடு?

தெற்கே சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப்பட்டி. பெயரிலேயே வேட்டை மாதிரி ஒலிக்கிற ஊர். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டவர்கள் அந்தப் பக்கத்துக் கிராமத்து மக்கள்.

தூரத்து உதாரணம் வேண்டுமா? நாகாலாந்தில் தோயாங் நீர்த்தேக்கம், பாங்தி கிராமம். வலசை வரும் அமுர் வல்லூறுகளை வலைபோட்டுப் பிடித்துத் தீயில் வாட்டி விற்றார்கள். 2012-ல் அது படத்தோடு வெளியே வந்தது. ஒரு சீசனில் கொல்லப்பட்டது லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். ஊர்க்கூட்டம் போட்டார்கள், தேவாலயங்களில் பேசினார்கள், வலை போட்டவர்களையே காவலுக்கு அழைத்தார்கள். அடுத்த ஆண்டே, 2013-ல், வலை விழவில்லை. செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு வல்லூறுக்கு ‘பாங்தி’ என்றே ஊர்ப்பெயர் வைத்தார்கள். ஒரே வருஷம்! ‘மக்களை மாத்த முடியாது சார்’ என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வேட்டைக்காரர்களை என்ன செய்வது என்பதற்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பதில் இருக்கிறது. மாமல்லபுரம் பக்கம், வடநெம்மேலி. இருளர்கள் பாம்பு பிடித்துத் தோல் வியாபாரிகளுக்குக் கொடுத்து வாழ்ந்தார்கள். சட்டம் வந்ததும் பிழைப்பு போயிற்று. 1978-ல் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, மருந்துக் கம்பெனிகளுக்கு விற்று, பாம்பைக் காட்டில் திரும்ப விட்டார்கள். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசிக்கு அடிப்படை அந்த விஷம். அந்த இருளர் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தது அரசாங்கம். நேற்று ‘கள்ள வேட்டை’ என்று சொல்லப்பட்ட அதே அறிவுக்கு, இன்று ஜனாதிபதி கையால் விருது. அறிவு மாறவில்லை. அதை வாங்கிக்கொள்ளும் இடம் மாறியது.

*

சரி, என்ன செய்யலாம்?

அரசாங்கத்துக்கு மூன்று.

ஒன்று, வேட்டைக்காரன் திட்டம் போடுவது போல நீங்களும் போடுங்கள். அவனுக்கு எந்தக் குட்டையில் எப்போது பறவை கூடும் என்று தெரியும். உங்கள் ரோந்தும் அதே பஞ்சாங்கத்தில் நடக்கட்டும். குளிர்காலத்தில் கணக்கெடுப்பு நடத்துகிறீர்கள், சந்தோஷம். எண்ணி முடித்ததும் பைனாகுலரை உறையில் போட்டுவிட்டால், மாசியும் பங்குனியும் யாருடைய கையில்?

இரண்டு, ஏரிக்கரையில் காட்டும் வீரத்தை ஓட்டல் சமையலறையில் காட்டுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் வனத்துறையும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் திண்டிவனத்திலிருந்து கோரிமேடு வரை ஒருமுறை சாப்பிடப் போகட்டும். பில் வாங்குங்கள். வழக்குப் போடுங்கள். கடைக்காரரின் படத்தையும் அதே வரிசையில் வெளியிடுங்கள்.

மூன்று, ஏரியை உள்ளங்கை மாதிரி அறிந்தவர்களுக்குக் காவல் வேலை கொடுங்கள். நீலச்சிறகி எங்கே அடையும் என்று தெரிந்த கண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுப்பது, அதே கண்ணைச் சிறையில் அடைப்பதைவிட மலிவு.

உங்களுக்கு ஒன்றே ஒன்று.

அடுத்த முறை சப்ளையர் குனிந்து குரலை இறக்கும்போது, நீங்கள் குரலை உயர்த்துங்கள். பக்கத்து மேஜைக்குக் கேட்கிற மாதிரி, “காட்டுப் பறவை விக்கறீங்களா? தப்பாச்சே!” என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். ரகசியத்தில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. சத்தம் போட்டால் பறவை பறந்துவிடும் என்று வேட்டைக்காரனுக்குத் தெரியும். சத்தம் போட்டால் வாடிக்கையாளர் பறந்துவிடுவார் என்று கடைக்காரருக்கும் தெரியும்.

வானூர் வட்டத்தில் திருவக்கரை என்று ஓர் ஊர் உண்டு. கல்மரங்கள் கிடக்கும் ஊர். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வேலி போட்டு, தேசியக் கல்மரப் பூங்கா என்று பலகை வைத்து, டூர் பஸ்ஸில் போய்ப் பார்க்கிறோம். செத்துக் கல்லானதற்கு மரியாதை செய்யத் தெரிந்த நமக்கு, சில மைல் தள்ளி உயிரோடு சிறகடிப்பதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அன்று நண்பரின் தட்டு வந்தது. அவர் ஒரு துண்டு எடுத்தார். கடித்தார். பல்லில் ஏதோ சின்னதாகக் கடிபட்டது. எடுத்துப் பார்த்தார். ஈயக் குண்டு.

“கல்லு போல” என்று சொல்லி ஓரமாக வைத்தார்.

அவருக்கும் தெரியும், அது கல் இல்லை என்று.